நேர்மையான தேய்மானம்

எங்கள் சங்கத்தில் ஒரு கூட்டத்துக்கு ஒருவர் ஒரு முறைதான் பேசலாம். வாயைத் திறந்து மூடினால் தீர்ந்தது. மீதி நேரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். நாங்கள் சேகரிப்பது ஒரே ஒரு குண்டு போடும் பழைய சட்டைப்பைக் கைத்துப்பாக்கிகளை. அந்தத் துப்பாக்கிக்கு இல்லாத இரண்டாவது வாய்ப்பு அதை வைத்திருக்கிறவனுக்கு எதற்கு என்று சங்கத்தைத் தொடங்கியவர் கேட்டாராம். கேட்டதோடு அன்றைக்கு அவருடைய முறை முடிந்துவிட்டதால் மேற்கொண்டு விளக்கம் கிடைக்கவில்லை. விதி அப்படியே நின்றுவிட்டது.

சங்கத்தின் பெயர் ஒஹாயோ ஆற்றங்கரை ஒற்றைவேட்டுச் சங்கம். ஓவன்ஸ்போரோ நகரத்தில், பழைய தீயணைப்பு நிலையத்து மாடியில் கூடுகிறோம். உறுப்பினர்கள் நாற்பத்தொரு பேர். ஒருவர்கூட இந்தத் துப்பாக்கிகளில் ஒன்றை வாழ்நாளில் சுட்டதில்லை. சுட்டால் மதிப்புப் போய்விடும். நான் ஹோபர்ட் ரோபி, இருபத்திரண்டு வருடமாக நடவடிக்கைக் குறிப்பு எழுதுகிறவன். விஸ்கிப் பீப்பாய்க் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என்னிடம் இருப்பது ஒரே ஒரு துப்பாக்கி, அதுவும் விரிசல் விட்டது. ஆனால் அதை உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினால் கையில் ஒன்றுமே இல்லாதது போலத் தெரியும். ஆற்றுக் கப்பல்களில் சீட்டாடப் போனவர்கள் அப்படித்தான் மறைத்து வைத்திருந்தார்கள். சீட்டாட்ட மேசையின் அகலத்தைத் தாண்டினால் அதன் குண்டு எதிலும் படாது. அதில் எனக்கு இன்றைக்கும் ஒரு மயக்கம் உண்டு. இல்லாவிட்டால் இவர்களோடு இத்தனை வருடம் குப்பை கொட்டியிருப்பேனா?

கூட்டம் தொடங்குவதற்கும் ஒரு முறை இருக்கிறது. சங்கத்தைத் தொடங்கியவரின் துப்பாக்கியை வெல்வெட் மெத்தையில் வைத்துக் கொண்டுவருவார்கள். குண்டு கிடையாது, மருந்து கிடையாது. தீபாவளிப் பொட்டு வெடி அளவுக்கு ஒரு செப்புக் கேப் மட்டும் வைத்துத் தலைவர் விசையை அழுத்துவார். 'டப்' என்று வெடித்தால் கூட்டம் தொடங்கிற்று. வெடிக்காவிட்டால் அடுத்த மாதம் பார்க்கலாம். இன்னொரு கேப் வைக்கலாமே என்று கேட்கக் கூடாது. ஒற்றைவேட்டு என்றால் ஒற்றைவேட்டுத்தான். ஆற்று ஈரத்தில் கேப் நமுத்துவிடும், துப்பாக்கியின் சுத்தியலும் தேய்ந்துவிட்டது. அதைச் சரிசெய்தால் புதுப்பித்த குற்றம். ஆகவே வருடத்தில் பாதிக் கூட்டங்கள் நடக்காது. அந்த நாட்களில் காபி குடித்துவிட்டு, இனிப்பு வடை மாதிரி ஓட்டை போட்ட டோனட் இரண்டு தின்றுவிட்டு, வெற்றிகரமாகக் கலைவோம்.

தலைவர் கர்னல் பிரெண்டிஸ் வாத்தன். எங்கள் கென்டக்கியில் ஆளுநர் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் யார் வேண்டுமானாலும் கர்னல். வாத்தன் அப்படி ஆனவர். அதற்கு முன்பும் பின்பும் மெத்தைக் கடை நடத்தினார். ஒரு முறை பேசும் விதி அவருக்குப் பொருந்தாது, ஏனென்றால் தலைவர் பேசுவது பேச்சு அல்ல, கூட்டத்தை நடத்துவது. அவருக்கு அடுத்தவர் தேய்மானக் குழுவின் தலைவர் டாக்டர் லாய்ட் ஹேகன். பல் வைத்தியர், ஓய்வு பெற்றும் கண்ணாடியையும் கொக்கியையும் கீழே வைக்கவில்லை.

இவர்களிடம்தான் நான் டெல்பர்ட் எம்ப்ரியைக் கொண்டுபோய் விட்டேன்.

டெல்பர்ட் என் வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரர். முப்பத்துநாலு வருடம் பள்ளிக்கூடப் பேருந்துகளைப் பழுதுபார்த்தவர். பேருந்து ஓட்டிச் சோதிக்கும்போது வண்டி காலியாக இருந்தாலும் ஒவ்வொரு ரயில் கடவையிலும் நின்று, கதவைத் திறந்து, காதுகொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் தாண்டுவார். விதி என்றால் விதி. அவர் மனைவி நெல்டா மார்ச் மாதம் இறந்துபோனார். நெல்டாவின் அப்பா வழியில் வந்த ஒரு சின்னக் கைத்துப்பாக்கி அவர்கள் சமையலறை இழுப்பறையில், டப்பா திறக்கும் கருவியோடும் ரப்பர் வளையங்களோடும் கிடந்தது. இலையுதிர் காலத்தில் கொல்லை மரத்துக் கறுப்பு வால்நட்டை டெல்பர்ட் வாசல் சிமெண்டில் வைத்துச் சம்மட்டியால் பிளப்பார். பிளந்தும் பருப்பை விடாத துண்டுகளை நெல்டா உள்ளே மேசையில் போட்டு, துப்பாக்கியைக் குழல் பக்கம் பிடித்துக்கொண்டு, மரப்பிடியால் தட்டித் தட்டி எடுப்பார். தேவாலய விருந்துக்கு அவர் செய்யும் வால்நட் கேக்குக்கு அத்தனையும் போகும். நெல்டா இடதுகைக்காரி. பிடியின் இடப்பக்க விளிம்பில் அப்படிப் பள்ளங்கள் விழுந்திருந்தன.

நவம்பரில் டெல்பர்ட் அந்த இழுப்பறையைத் திறந்திருக்கிறார். துப்பாக்கியை எடுத்தால் கடகடவென்று ஆடியது. வேலிக்கு வந்து, இதற்கு ஒரு திருகாணி எங்கே கிடைக்கும் என்று என்னிடம் கேட்டார். அவருக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான், ஒரு திருகாணி. வருகிற சனிக்கிழமை எங்கள் கண்காட்சி இருக்கிறது, கொண்டுவா, யாராவது கொடுப்பார்கள் என்று சொன்னேன். என் நாக்கில் சனி இருந்திருக்கிறது.

கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்து பச்சைத் துணி விரித்த மேசையில் வைத்தார். டாக்டர் ஹேகன் குனிந்தார். பல் பார்க்கும் கண்ணாடியை எடுத்து மரப்பிடிக்குக் கீழே நுழைத்தார். கொக்கியால் ஒவ்வொரு பள்ளமாகத் தொட்டு உதட்டுக்குள் எண்ணினார். பிறகு கர்னலைக் கூப்பிட்டார். டெல்பர்ட் துப்பாக்கியைத் திருப்பிக் காட்டக் கை நீட்டியபோது நாலு பேர் அவர் மணிக்கட்டைப் பிடித்தார்கள். கையில் எண்ணெய்ப் பசை இருக்கிறதாம், உறை இல்லாமல் தொடக் கூடாதாம். நாற்பது வருடம் தன் வீட்டில் கிடந்த பொருளை அன்றைக்கு அவர் வெள்ளை உறை போட்டுக்கொண்டு தொட்டார்.

ஆட்கள் சுற்றி நின்றுகொண்டார்கள்; கண்காட்சிதான், கூட்டம் அல்ல, அதனால் பேச்சுக்குக் கணக்கு இல்லை. கர்னல் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பதினேழு பள்ளம். அதாவது பதினேழு பேர். ஒரு குண்டு துப்பாக்கியால பதினேழு பேர்! யோசிச்சுப் பாருங்க. ஒவ்வொருத்தனுக்கு அப்புறமும் உக்காந்து, மருந்து கெட்டிச்சு, குண்டு தள்ளி, கேப் வச்சு, அடுத்தவனைத் தேடிப் போயிருக்கான். என்னா பொறுமை. இந்தக் காலத்துப் பயலுககிட்ட அது இருக்கா? எல்லாப் பள்ளமும் இடப்பக்கம். ஆளு இடதுகைக்காரன். கப்பல்ல சீட்டாடினவன். எனக்குக் கண்ணு கலங்குது."

உண்மையிலேயே கலங்கியது. மெத்தை விற்றவர் பொய்யாக அழமாட்டார்.

டெல்பர்ட் மெதுவாகச் சொன்னார், "அது வால்நட் உடைச்சதுங்க. என் வீட்டுக்காரி நெல்டா."

"அதுக்கு ஆவணம் இருக்கா?" என்றார் டாக்டர்.

"பக்கத்துல உக்காந்து நான் தின்னேன்."

"தின்னது ஆவணம் ஆகாது."

பிறகு கர்னல் அவரை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, சிறுபிள்ளைக்குச் சொல்வது போலத் தேய்மானத்தில் இரண்டு வகை என்று விளக்கினார். சட்டைப்பையில் உரசியது, வியர்வை பட்டது, ஆளைக் கொன்றதற்கு அடையாளம் வெட்டியது, இவையெல்லாம் நேர்மையான தேய்மானம். துடைத்தது, மெருகு போட்டது, சமையல் செய்தது, இவை நேர்மையற்றவை. நேர்மையானதைத் தொடக் கூடாது. நேர்மையற்றதை வைத்திருக்கக் கூடாது. இந்தத் துப்பாக்கி ஆய்வு முடியும்வரை சங்கத்தின் கண்ணாடி அலமாரியில் இருக்கும். இங்கே ஒரு கையெழுத்து. டெல்பர்ட் போட்டார். திருகாணியைப் பற்றிக் கேட்டார். அந்த ஆட்டமும் நேர்மையானது, அதைத் தொடக் கூடாது என்றார்கள்.

இரண்டு வாரத்தில் துப்பாக்கிக்குக் கீழே ஓர் அட்டை வந்துவிட்டது. 'பதினேழு பேரைக் கொன்ற இடதுகைச் சூதாடி.' பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிவந்து காட்டினார்கள். அவர்கள் வந்த பேருந்தை டெல்பர்ட்தான் ஒரு காலத்தில் பழுதுபார்த்தவர்.

ஷெரிஃப் அலுவலகத்துக்கு நானும் அவரும் போனோம். மேசையில் இருந்த அதிகாரி பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். இவ்வளவு பழசு என்றால் சட்டப்படி அது துப்பாக்கியே இல்லை, ஆகவே துப்பாக்கி பறிபோன புகார் எடுக்க முடியாது என்றார். அப்படியானால் காணாமல் போன பொருள் என்று எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். எங்கே இருக்கிறது என்று தெரியுமா என்று கேட்டார். தெரியும், அலமாரியில் என்றோம். அப்புறம் எப்படிக் காணாமல் போனதாகும் என்று வருத்தத்தோடு பேனாவை மூடிவிட்டார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கையெழுத்துப் போட்ட தாளைக் காட்டினோம். எங்களைவிட அவருக்கு அது நன்றாகப் புரிந்தது.

டிசம்பர் கூட்டத்தில் கேப் வெடிக்கவில்லை. ஜனவரியிலும் இல்லை. டெல்பர்ட் இரண்டு முறையும் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு விருந்தினர் நாற்காலியில் உட்கார்ந்து, டோனட் தின்றுவிட்டு வீட்டுக்குப் போனார். பிப்ரவரியில் வெடித்தது. எழுந்து நின்று, "அதைத் திருப்பிக் குடுத்துடுங்க, நெல்டாவோடது" என்றார். அவருடைய பேச்சு முடிந்தது. இப்பேர்ப்பட்ட வரலாற்றைச் சமையலறை இழுப்பறைக்கு அனுப்ப முடியாது என்று நாற்பதுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்மானம் ஆனது. அந்த ஒன்று நான். அதுவும் கைதான் தூக்கினேன், வாயைத் திறக்கவில்லை.

படம் ஏதாவது இருக்கிறதா என்று தேடச் சொன்னதும் நான்தான். இருந்தது. அலமாரி மேலிருந்த காலணிப் பெட்டியில், அவரே எடுத்த படம். நெல்டா மேசையில் உட்கார்ந்திருக்கிறார். முன்னால் வால்நட் ஓடுகள் குவிந்து கிடக்கின்றன. இடது கை ஓங்கியிருக்கிறது, கையில் துப்பாக்கி, குழலைப் பிடித்தபடி. படம் எடுக்காதே என்று ஏதோ சொல்லிக்கொண்டே சிரிக்கிறார். மூலையில் கேமரா பதித்த தேதி. இதைப் பார்த்தால் சூதாடி செத்தான், துப்பாக்கிக்கு ஒரு மதிப்பும் இருக்காது, தூக்கிக் கையில் கொடுத்துவிடுவார்கள் என்று கணக்குப் போட்டேன். டெல்பர்ட் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "எனக்கு அந்தப் பள்ளம் போதும், ஹோபர்ட். மத்தது அவங்களே வச்சுக்கட்டும். கட்டைவிரலை அதுல வச்சா அவ விரலு எங்க இருந்துச்சுன்னு தெரியுது" என்றார்.

மார்ச்சில் கேப் வெடிக்கவில்லை. நெல்டா போய் ஒரு வருடம் ஆனது அந்த வாரம்தான்.

ஏப்ரலில் வெடித்தது. நல்ல காற்று, ஆற்றுப் பக்கத்து ஜன்னல் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. என் தாள்கள் பறந்தன. யாராவது அந்த ஜன்னலைச் சாத்துங்கள் என்று சொன்னேன். சாத்தினார்கள்.

டெல்பர்ட் மேசையில் வைத்த படத்தை டாக்டர் ஹேகன் பூதக்கண்ணாடி வைத்து இருபது நிமிடம் பார்த்தார். பிடியில் பதினொரு பள்ளம் தெரிகிறது, மீதி ஆறு அப்புறம் விழுந்திருக்கும் என்று, தன் பேச்சைச் செலவழிக்காமல், தாளில் எழுதிக் கர்னலிடம் நீட்டினார். அறை துக்க வீடு மாதிரி ஆனது. பின்வரிசையில் ஒருவர் மூக்கைச் சிந்தினார். அட்டையை எடுத்துவந்து கர்னல் நாலாகக் கிழித்தார். பிறகு பேசினார். பேச்சை நான் அப்படியே குறித்து வைத்திருக்கிறேன்.

"நம்ம சங்கம் உண்மைக்குப் பயந்த சங்கம் இல்ல. பதினேழு பேரை நாம ரொம்ப நேசிச்சோம். அவங்க செத்தது நமக்குப் பெருமையா இருந்துச்சு. இப்ப ஒருத்தருமே சாகலைன்னு தெரிஞ்சுபோச்சு. இது பெரிய இழப்பு. ஆனா தாங்கிக்கிட்டுத்தான் ஆகணும். டெல்பர்ட், உங்க மனைவி யாரையும் கொல்லலைங்கறதை இந்தச் சங்கம் மன்னிக்குது. துப்பாக்கியை எடுத்துக்கிட்டுப் போகலாம்."

டெல்பர்ட் எழுந்தார். தொப்பியைக் கழற்றி மார்போடு பிடித்துக்கொண்டார். "ரொம்ப நன்றிங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். முகம் அப்படி மலர்ந்து நான் ஒரு வருடமாகப் பார்த்ததில்லை.

அப்போது டாக்டர் ஹேகன் தன் பேச்சை எடுத்தார். சங்கப் பதிவேட்டில் ஏறிய பொருள் நேர்மையற்ற தேய்மானத்தோடு இந்த வாசலைத் தாண்டிப் போனால் நாளைக்கு இன்னொரு சங்கம் ஏமாறும், நம் பெயர் கெடும். அதனால் உரிமையாளரிடம் கொடுப்பதற்கு முன்னால் அந்தப் பதினேழையும் நீக்கிவிட வேண்டும். தானே செய்து தருவதாகவும், காசு வேண்டாம் என்றும் சொன்னார். கைதட்டினார்கள்.

டெல்பர்ட்டின் கை மேலே போனது.

கர்னல் அவரைப் பார்த்து அன்பாகச் சிரித்தார். "டெல்பர்ட், உங்க வேட்டு தீந்துபோச்சே."

டெல்பர்ட் வாயைத் திறந்தார். நாற்பது பேரும் சேர்ந்து உஸ் என்றார்கள். காலிப் பேருந்தை ரயில் கடவையில் நிறுத்திய மனுஷன்; வாயை மூடிக்கொண்டார். ஆனால் கையை இறக்கவில்லை. என் பக்கம் திரும்பினார். என் முறையை நான் ஜன்னலுக்குச் செலவழித்துவிட்டேன். விதியாவது மண்ணாவது என்று எழுந்து கத்தியிருக்கலாம். கத்தவில்லை. குனிந்து எழுதினேன்: 'விருந்தினர் கை உயர்த்தினார். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.' ஒருமனதாக என்பதில் என் கையும் அடக்கம். எழுதிக்கொண்டிருந்ததால் தூக்கவோ இறக்கவோ தோன்றவில்லை, கணக்கில் சேர்த்துவிட்டார்கள்.

கூட்டம் கலைந்ததும் டாக்டரைத் தேடினால் ஆள் இல்லை. துப்பாக்கியை எடுத்துக்கொண்டு பின்படி வழியாகப் போய்விட்டார். தொலைபேசி எடுக்கவில்லை. மறுநாள் காலை எட்டு மணிக்கு அவர் வீட்டு வாசலில் நின்றோம். டாக்டர் ஈரக் கையைத் துடைத்தபடி கதவைத் திறந்தார். பல் வைத்தியர்கள் சீக்கிரம் எழுகிறவர்கள். ஆறரைக்கே முடித்துவிட்டாராம்.

வெல்வெட் பெட்டியில் வைத்துக் கொடுத்தார். பிடி புதுக் குழந்தையின் குதிகால் மாதிரி வழவழவென்று இருந்தது.

"மேலோட்டமா அடைச்சு விட்டிருக்கலாம்" என்றார் டாக்டர். "ஆனா சொத்தையை உள்ள விட்டுட்டு மேல அடைச்சா பரவும். அதனால முழுசாச் சுரண்டி எடுத்துட்டுத்தான் அடைச்சேன். ஒண்ணுகூட மிச்சமில்ல. தடவிப் பாருங்க."

டெல்பர்ட் தடவவில்லை. "சுரண்டின தூளு?" என்று கேட்டார்.

"அது உறிஞ்சு குழாய்ல போயிடுச்சே."

உறுப்பினர் ஆவதற்கு மனு போடலாம் என்று டாக்டர் யோசனை சொன்னார். என்ன, ஒரு சிக்கல், நேர்மையான தேய்மானம் உள்ள துப்பாக்கி ஒன்றாவது இருக்க வேண்டும். இது இப்போது புத்தம்புதிதாக ஆகிவிட்டது. தினமும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடந்தால் ஐம்பது அறுபது வருடத்தில் சரியாகிவிடும். டெல்பர்ட்டுக்கு எழுபத்தொன்று. அதற்கும் அவர் நன்றி சொல்லிவிட்டு வந்தார்.

வழியெல்லாம் காரில் பெட்டி கடகடவென்று ஆடிக்கொண்டே வந்தது. திருகாணியை யாரும் தொடவில்லை.

அவர் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்தோம். போன இலையுதிர் காலத்து வால்நட் ஒரு சாக்கு நிறையக் கதவோரம் கிடந்தது; அந்த வருடம் கேக் செய்ய ஆள் இல்லை. டெல்பர்ட் பிளந்த துண்டு ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். துப்பாக்கியைக் குழல் பக்கமாக இடது கையில் பிடித்தார். அவர் வலதுகைக்காரர். ஓங்கி அடித்தார், கட்டைவிரலில் பட்டது. விரலை வாயில் வைத்துக்கொண்டார். மறுபடி அடித்தார், துண்டு தெறித்து அடுப்புக்கு அடியில் போயிற்று. வேறு ஒன்றை எடுத்து வைத்தார். மூன்றாவது அடியில் ஓடு விட்டது.

பிடியைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தார். அடிவிளிம்பில் நகம் பட்டது போல ஒரு பள்ளம். இடப்பக்கமும் இல்லை, வலப்பக்கமும் இல்லை, நடுவில் எங்கேயோ விழுந்திருந்தது. கட்டைவிரலை அதில் வைத்துப் பார்த்துவிட்டு எடுத்துவிட்டார்.

"ஹோபர்ட், நேத்து நீ என்ன பேசின?" என்று கேட்டார். "உனக்கும் ஒரு வேட்டு இருந்திச்சு இல்ல. எனக்கு ஞாபகமே வரலை."

"ஜன்னலைச் சாத்தச் சொன்னேன்."

எனக்காக ஏதோ ஒரு நியாயம் தேடினார் என்று நினைக்கிறேன்.

"ஆமா" என்றார். "காத்து அடிச்சிச்சு."

பருப்பை ஓட்டிலிருந்து நோண்டி எடுத்து என் பக்கம் தள்ளினார். தின்றேன். கசந்தது. இதை நடவடிக்கைக் குறிப்பில் சேர்க்க வழியில்லை, தின்றது ஆவணம் ஆகாது.